பாடியவரும் பாட்டைச் செய்தவர்களும்

அன்புள்ள ஐயா,

'த்ரில்லர்' தொகுப்பின் 9 பாடல்களில் 4 மட்டுமே மைக்கேல் ஜாக்சன் எழுதியவை என்று அண்மையில்தான் அறிந்தேன். இத்தனை ஆண்டுகள் ஏமாந்துவிட்டதாகத் தோன்றுகிறது. பிறர் எழுதி, பிறர் உருவாக்கித் தந்ததைப் பாடுபவரைக் கலைஞர் என்று கொண்டாடலாமா? எண்பதுகளின் பாப் இசையே ஆலைச் சரக்குதானா? அக்காலத்தில் வேறு எவற்றைக் கேட்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்களை யாரும் ஏமாற்றவில்லை. எழுதியவர் பெயர்கள் 1982இலேயே அந்த இசைத்தட்டின் உறையில் அச்சாகியிருந்தன. நமக்குத்தான் அவை வந்து சேரவில்லை. எங்கள் ஊர்ப் பதிவுக் கடைக்காரர் வெற்று காசெட்டில் பதிந்து தருவார். அட்டையில் பாடகர் பெயரையும் பாடல்களின் முதற்சொற்களையும் நீல மையில் எழுதுவார், அவ்வளவுதான். 'த்ரில்லர்' பாட்டை எழுதிய ராட் டெம்பர்டன் என்ற பெயரை நான் அறிவதற்குள் தலை நரைத்துவிட்டது.

ஆலை என்கிறீர்கள். டெம்பர்டன் இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி நகரில் மீன்களை உறையவைக்கும் ஆலையில் வேலை பார்த்தவர்தான். அந்த மனிதர் 'த்ரில்லர்' பாட்டுக்கு முதலில் வைத்த பெயர் 'ஸ்டார்லைட்'. தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ் அதைவிட நல்ல தலைப்பு வேண்டும் என்று கேட்க, விடுதி அறையில் நூற்றுக்கணக்கான தலைப்புகளை எழுதிப் பார்த்துவிட்டுத் தூங்கிய அவருக்கு, மறுநாள் காலை எழுந்ததும் 'த்ரில்லர்' என்ற சொல் வந்தது. இதைச் சரக்கு என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

நீங்கள் முற்றிலும் தவறவிட்டிருப்பது தயாரிப்பாளரின் வேலையை. அது பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்லும் வேலை. 'பில்லி ஜீன்' பாடலுக்குத் தனித்தனியே பதிந்த குரல், வாத்திய ஒலித்தடங்களை ஒலிப்பதிவுப் பொறியாளர் புரூஸ் சுவீடியன் 91 முறை கலந்து பார்த்தார். இரண்டாவது கலவையைப் போடு என்றார் ஜோன்ஸ். இன்று நாம் கேட்பது அதுதான். தொண்ணூறைத் தாண்டிய பிறகும் இரண்டாவதில் இருந்த உயிரை நினைவில் வைத்திருந்த அந்தக் காதுக்கு, பாடலாசிரியர் பட்டியலில் இடமில்லை. எல்லாம் முடிந்து மாதிரித் தட்டைப் போட்டுக் கேட்டபோது ஒலி மெலிந்திருந்தது. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு மேல் திணித்தால் தட்டின் வரிப்பள்ளங்கள் நெருங்கி, அடிநாதம் சோர்ந்துவிடும். ஆகவே டெம்பர்டனின் 'தி லேடி இன் மை லைஃப்' பாட்டில் ஒரு சரணம் போயிற்று. பாடல்கள் ஒவ்வொன்றாக மீண்டும் கலக்கப்பட்டன. நல்ல சரணத்தை வெட்டத் துணிவதும் இசையறிவுதான், நண்பரே.

ஜாக்சனின் பெருமை இதனால் குறையுமா என்ற கவலையை விடுங்கள். வாத்தியங்களின் பகுதிகளையெல்லாம் வாயாலேயே ஒலித்துக் காட்டிப் பாட்டமைத்தவர் அவர். அவரும் இந்த வேலையில் ஓர் ஆள், பெரிய ஆள். தனியொருவர் நெற்றியில் உதித்தால்தான் கலை என்ற பிடிவாதம் உங்களுக்கு எங்கிருந்து வந்ததோ!

வேறு கேட்க விரும்பினால் டேவிட் போவியின் 'லெட்ஸ் டான்ஸ்' (1983), மடோனாவின் 'லைக் எ வர்ஜின்' (1984) இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டுக்கும் தயாரிப்பாளர் நைல் ராட்ஜர்ஸ். பாடகர் குரலைக் கொஞ்சம் மறந்துவிட்டு, பின்னால் ஓடும் ராட்ஜர்ஸின் கிதாரை மட்டும் கவனித்துவிட்டு எழுதுங்கள்.