கூட வந்தவருக்கு உடம்பு முடியவில்லை, டிக்கெட்டை என்ன செய்வது?

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் வெளிநாட்டுக்குச் சுற்றுலா வந்திருக்கிறோம். ஒருவனுக்குக் கடுமையான காய்ச்சல், ஐந்து நாளைக்கு எங்கும் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாளை மறுநாள் அடுத்த ஊருக்கு ஃப்ளைட். நான்கு பேருக்கும் ஒரே புக்கிங், ரீஃபண்ட் கிடையாது என்று போட்டிருக்கிறது. எப்படியும் போன காசுதானே, அவனும் அவனுக்குத் துணையாக நானும் அப்படியே ஏறாமல் விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். இந்த விஷயத்தில் பெரிய நஷ்டம் வருவதே அங்கேதான். சொல்லாமல் கொள்ளாமல் ஏறாமல் இருந்தால் ஏர்லைன்ஸ் கணக்கில் அது நோ-ஷோ. அதன்பிறகு அதே டிக்கெட்டில் இருக்கும் மற்ற பயணங்களையும், ஊர் திரும்பும் ஃப்ளைட் உட்பட, பெரும்பாலான நிறுவனங்கள் தாமாகவே ரத்து செய்துவிடும். நாளை மறுநாள் போகும் ஒரு சின்ன ஃப்ளைட்டைத்தானே விடுகிறோம் என்று நினைத்திருப்பீர்கள், கடைசி நாளில் கவுன்டரில் போய் நின்றால் டிக்கெட்டே இல்லை என்பார்கள். ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்டாகவே இருந்தாலும், விமானம் கிளம்பும் முன் சொன்னால் கட்டணம் கட்டித் தேதி மாற்றவாவது பல சமயம் வழி இருக்கும். கிளம்பிய பிறகு அதுவும் போச்சு.

ஏர்லைன்ஸைக் கூப்பிடும்போது முதலில் கேட்க வேண்டியது பிஎன்ஆரை, அதாவது புக்கிங் எண்ணை, பிரித்துத் தரச் சொல்லி. நான்கு பேரும் ஒரே பிஎன்ஆரில் இருக்கும்போது நீங்களாகவே ஆப்பில் தேதியை மாற்றப் போனால் நான்கு பேருக்கும் சேர்த்து மாறிவிடும் ஆபத்து உண்டு. தங்கப்போகும் இருவரை தனி பிஎன்ஆருக்கு மாற்றச் சொல்லுங்கள், மற்ற இருவர் பழைய திட்டப்படியே போகட்டும். இதை ஏர்லைன்ஸ் ஊழியரால் செய்ய முடியும். ஏஜென்ட் அல்லது புக்கிங் தளம் வழியாக வாங்கியிருந்தால் அங்கேதான் போகச் சொல்வார்கள், ஆகவே கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: அவனிடம் பயண இன்சூரன்ஸ் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன், எனக்கும் கிளெய்ம் கிடைக்குமா?

பதில்: கிடைக்க வாய்ப்பு உண்டு. பாலிசியில் பயணம் இடையில் தடைபடுவதற்கான பிரிவைப் பாருங்கள், அதில் பயணத் துணை என்பது யார் என்று ஒரு வரையறை இருக்கும். சில பாலிசிகளில் ஒரே புக்கிங்கில் பெயர் இருந்தால் போதும், சிலவற்றில் குடும்பத்தினர் மட்டும்தான். நண்பர்களாகப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். நோயாளியுடன் தங்கும் செலவைத் தருகிற பாலிசிகளும் பெரும்பாலும் ஒருவருக்குத்தான் தரும், ஆகவே பாசத்தில் நான்கு பேரும் தங்கிவிட்டு நான்கு பேருக்கும் பில் அனுப்பினால் வேலைக்கு ஆகாது.

எந்தச் செலவையும் தொடங்கும் முன் பாலிசியில் உள்ள 24 மணி நேர உதவி எண்ணுக்குக் கூப்பிட்டு விடுங்கள். மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தால் இது ரொம்ப முக்கியம், முன்பே சொல்லவில்லை என்று ஒரு காரணம் காட்ட அவர்களுக்கு இடம் கொடுக்கக் கூடாது. யாரிடம் எப்போது பேசினீர்கள் என்று குறித்து வைத்துக்கொண்டு, பேசியதையே ஒரு மின்னஞ்சலாகவும் அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் டாக்டர் சான்று. "ஓய்வு தேவை" என்று மட்டும் எழுதி வாங்கினால் கிளெய்ம் பார்ப்பவருக்கு அது போதாது. என்ன நோய், என்றைக்கு நேரில் பரிசோதித்தார், இன்ன தேதி வரை பயணம் செய்யத் தகுதியில்லை, இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும். சான்றின் தேதி நீங்கள் டிக்கெட்டை மாற்றிய தேதிக்கு முந்தியதாகவோ அதே நாளாகவோ இருக்கட்டும், ஊருக்கு வந்தபின் வாங்கும் சான்றுக்கு மதிப்புக் குறைவு. அவனுக்கு ஏற்கெனவே இருந்த நோய் முற்றியதுதான் காரணம் என்றால் பல பாலிசிகள் கைவிரிக்கும். அதற்காக டாக்டரிடம் எதையும் மறைக்கச் சொல்லாதீர்கள், பழைய மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்கிப் பார்க்க இன்சூரன்ஸ்காரர்களுக்கு வழி உண்டு.

கேள்வி: மாத்திரை போட்டுக்கொண்டு எப்படியாவது ஏற்றிவிடலாம் என்று மற்ற இருவரும் சொல்கிறார்கள்.

பதில்: அவர்களுக்குச் சுற்றிப் பார்க்கும் அவசரம், புரிகிறது. ஆனால் பறக்கும்போது கேபினுக்குள் இருக்கும் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். ஆக்சிஜன் குறையும், உடம்புக்குள் அடைபட்ட காற்று விரியும். காது அடைப்பு, நுரையீரல் தொற்று, அண்மையில் வயிற்று அறுவை சிகிச்சை எல்லாம் அங்கே வேறு மாதிரி ஆகிவிடும். எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டவரைக்கூட குறுகிய பயணம் என்றால் 24 மணி நேரம், நீண்டது என்றால் 48 மணி நேரம் காத்திருக்கச் சொல்வதுதான் வழக்கம். பார்த்தாலே முடியாதவராகத் தெரிந்தால் போர்டிங் கேட்டிலேயே ஊழியர்கள் நிறுத்தலாம். நோய் கொஞ்சம் தீவிரம் என்றால் குணமான பிறகும் பறக்கத் தகுதி என்ற சான்றையோ, பயணியின் உடல்நிலையை டாக்டர் நிரப்பித் தரும் மெடிஃப் என்னும் படிவத்தையோ கேட்பார்கள். புதுத் தேதி எடுக்கும் முன் அது வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பரிசீலிக்க இரண்டு மூன்று நாள் ஆகலாம்.

கேள்வி: அடுத்த ஊரில் போட்ட ஹோட்டல் புக்கிங்கைப் பற்றிக் கேட்டால், ஹோட்டல்காரர் ஏஜென்டைக் கேள் என்கிறார், ஏஜென்ட் ஹோட்டலைக் கேள் என்கிறார்.

பதில்: ஹோட்டலிடமே முதலில் போங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்காமல் தேதியை மாற்றித் தரக் கேளுங்கள், அதற்குத் தலையாட்டுவது அவர்களுக்கும் சுலபம். ஒப்புக்கொண்டவர் பெயரை வாங்கிக்கொண்டு ஏஜென்டைக் கூப்பிட்டு, அவரிடம் பேசச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த மறுப்பையே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், எவ்வளவு திரும்பவில்லை என்பதற்கு இன்சூரன்ஸ்காரருக்கு அது ஆதாரம். விமான டிக்கெட்டிலும் அப்படித்தான், அடிப்படைக் கட்டணம் வராவிட்டாலும் பறக்காதவருக்கு விமான நிலைய வரிகள் திரும்பக் கிடைப்பது உண்டு, ஆனால் நீங்களாகக் கேட்காமல் பெரும்பாலும் வராது.

விசா தேதியையும் மறக்காமல் பாருங்கள். தங்கும் நாள் நீண்டு விசா முடியப்போகிறது என்றால், முடியும் முன்பே அந்த நாட்டுக் குடிவரவு அலுவலகத்தில் டாக்டர் சான்றோடு நீட்டிப்புக் கேளுங்கள். பாலிசி காலமும் அதே வாரத்தில் முடிகிறதா என்று பாருங்கள், அதையும் முடிவதற்கு முன்தான் நீட்டிக்க முடியும்.