13 நிமிடமும் ஆறரை ஆண்டும்

கேள்வி: ஸ்பெயினில் பிறந்து, ஸ்பெயின் அணிக்கும் ஆடிய கால்பந்து வீரர் முனிர் எல் ஹத்தாதி, அங்கே மறுபடியும் வாய்ப்பு வரவில்லை என்றதும் பெற்றோரின் பூர்விகத்தைக் காட்டி மொராக்கோ அணிக்குப் போய்விட்டார். வேண்டாம் என்றால் கழற்றிப் போடுவதற்கு நாட்டுச் சட்டை என்ன, கிளப் சட்டையா? பழைய வீரர்களிடம் இருந்த பற்று இப்போது எங்கே? இப்படிப்பட்டவர்களுக்காக 2020இல் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா, நாடு மாறி ஆடுவதற்கான விதியைத் தளர்த்தியது சரிதானா?

பதில்: நாட்டு அணியின் மதிப்பு குறைந்துவிடக் கூடாது என்ற உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆனால் பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதுபோல, உங்கள் கோபம் இந்த விஷயத்தில் தவறான ஆளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. வாய்ப்பு வராததால் போய்விட்டார் என்று ஒரே வரியில் நீங்கள் கடந்துவிட்ட இடத்தில், ஒரு விளையாட்டு வீரரின் மிகச் சிறந்த வயதில் ஆறரை ஆண்டுகள் இருக்கின்றன.

1995 செப்டம்பர் 1 அன்று, மாட்ரிட்டை அடுத்த எல் எஸ்கோரியாலில், மொராக்கோ வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர் முனிர். 2014 ஏப்ரலில் நடந்த ஐரோப்பிய இளையோர் லீக் இறுதியாட்டத்தில் பென்ஃபிகாவை பார்சிலோனா 3-0 என்று வென்றபோது, அவற்றில் இரண்டு கோல்களை அடித்தவர் இவர். அதில் ஒன்று நடுக்கோட்டருகிலிருந்து தூக்கி அடித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று பார்சிலோனாவின் முதன்மை அணிக்காக முதன்முறையாக லீக் ஆட்டத்தில் இறங்கி, எல்சே அணிக்கு எதிராகவும் ஒரு கோல் அடித்தார். இரண்டே வாரத்தில் ஸ்பெயின் அணியிலிருந்து அழைப்பு வந்தது. டியேகோ கோஸ்டாவுக்குக் காயம்; அவருடைய இடத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

செப்டம்பர் 8 அன்று, வாலென்சியாவில் நடந்த யூரோ 2016 (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) தகுதிச்சுற்று ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் கோகே வெளியே வர, முனிர் உள்ளே போனார். மாசிடோனியாவுக்கு எதிராக ஸ்பெயின் அப்போது 4-1 என்று முன்னிலையில் இருந்தது; அவர் இறங்காவிட்டாலும் முடிவு மாறியிருக்கப் போவதில்லை. 5-1 என்று ஆட்டம் முடிந்தபோது, 19 வயது நிரம்பி ஒரு வாரமே ஆகியிருந்த அந்த இளைஞர் ஏறக்குறைய 13 நிமிடம் ஆடியிருந்தார். அது நட்புமுறை ஆட்டமாக இருந்திருந்தால் ஒன்றுமில்லை. தகுதிச்சுற்று ஆட்டமாக இருந்ததால், அன்றைய விதிப்படி, இனி எந்நாளும் வேறொரு நாட்டுக்கு ஆட முடியாதவர் என்ற நிலைக்கு அவர் வந்துவிட்டார். அதன் பிறகு ஸ்பெயினின் முதன்மை அணி அவரை ஒரு நிமிடம்கூடக் களத்தில் இறக்கவில்லை.

அன்று யாருடைய இடத்துக்கு முனிர் அழைக்கப்பட்டாரோ, அந்தக் கோஸ்டாவின் கதையையும் பாருங்கள். அவர் பிரேசிலின் லகார்த்தோ நகரில் பிறந்தவர். 2013 மார்ச்சில் பிரேசில் அணிக்காக இரண்டு ஆட்டங்கள் ஆடினார். அதே ஆண்டு ஸ்பெயின் குடியுரிமை பெற்றார். 2014 உலகக் கோப்பையில், பிரேசில் மண்ணிலேயே, ஸ்பெயின் சட்டையில் இறங்கி ரசிகர்களின் கூச்சலை வாங்கிக்கொண்டார். அவருக்கு விதி குறுக்கே நிற்கவில்லை, ஏனென்றால் பிரேசிலுக்காக அவர் ஆடிய இரண்டும் நட்புமுறை ஆட்டங்கள். பிறந்த நாட்டுக்கு இரண்டு முறை ஆடியவர் மாறலாம், ஒரே முறை 13 நிமிடம் ஆடியவர் மாறக் கூடாது என்று ஆனபோது, அங்கே அளக்கப்பட்டது யாருடைய நாட்டுப்பற்றும் அல்ல. ஆட்டத்தின் வகை மட்டுமே.

அன்று ஸ்பெயினின் அழைப்பை முனிர் மனமுவந்து ஏற்றார் என்பதை நான் மறைக்கவில்லை. அவரைக் கட்டிப்போடத்தான் ஸ்பெயின் இறக்கியது என்று சொல்லவும் என்னிடம் சான்று இல்லை. ஆனால் ஒரு நாட்டின் கால்பந்துக் கூட்டமைப்பிடம் விதிப்புத்தகம் இருக்கிறது, வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், பல பத்தாண்டு அனுபவம் இருக்கிறது. பக்கக்கோட்டருகே பெயர் அழைக்கப்படுவதற்காகக் காத்து நிற்கும் 19 வயதுப் பையனிடம் இருப்பது ஆட வேண்டும் என்ற ஆசை மட்டும்தான். இந்த இருவரில் பொறுப்பு யாருக்கு அதிகம் என்பதை நீங்களே சொல்லுங்கள். விசுவாசம் என்பது இருபக்கக் கடமை என்றால், ஒருவரை ஒரு முறை இறக்கிவிட்டு நட்டாற்றில் விட்டவர்களிடம் அதைப் பற்றி உங்கள் கடிதம் ஒரு கேள்வியும் கேட்கவில்லையே?

2018இல் நிகழ்ந்ததுதான் என்னை மிகவும் வருத்துகிறது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மொராக்கோ உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றிருந்தது, பயிற்சியாளர் எர்வே ரெனார் முனிரை அணியில் சேர்க்க விரும்பினார், முனிரும் விரும்பினார். ஃபிஃபா மறுத்தது. லோசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயத்திடம் செய்த முறையீடும், போட்டி தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது, மே மாதத்தில் தள்ளுபடியானது. அந்தப் போட்டியில் மொராக்கோவும் ஸ்பெயினும் ஒரே பிரிவில் இருந்தன. கலினின்கிராடில் 2-2 என்று சமன் செய்தன. அன்று 22 வயதில் இருந்த முனிர் இரண்டு அணிகளில் எதிலும் இல்லை.

2020 செப்டம்பரில் ஃபிஃபா விதியைத் திருத்தியது. அந்தத் திருத்தத்தைக் கதவை அகலத் திறந்துவிட்ட செயலாக நீங்கள் கருதுகிறீர்கள், அது அப்படியல்ல. முதல் நாட்டுக்கு 21 வயதுக்கு முன்பு ஆடியவராக இருக்க வேண்டும், முதன்மை அணிக்கு மூன்று ஆட்டங்களுக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது, கடைசியாக ஆடி மூன்று ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும், உலகக் கோப்பையிலோ, யூரோ போன்ற கண்ட அளவிலான கோப்பையிலோ (தகுதிச்சுற்றைத் தாண்டிய முதன்மைப் போட்டியில்) ஆடியிருக்கக் கூடாது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் நாட்டுக்கு ஆடிய அன்றே இரண்டாவது நாட்டின் குடியுரிமையும் அவரிடம் இருந்திருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். பிறகு போய்ப் பெற்ற குடியுரிமை இங்கே செல்லாது. பணக்கார நாடுகள் ஆட்களை விலைக்கு வாங்கி அணி கட்டும் என்ற அச்சம் நியாயமானது, நானும் அதை எதிர்ப்பவன். ஆனால் இந்தத் திருத்தம் அதற்கு வழிவிடவில்லை. முனிருக்கேகூட இது உடனே பயன்படவில்லை. மீண்டும் ஒரு மறுப்பையும் ஒரு தோல்வியுற்ற முறையீட்டையும் கடந்து, 2021 ஜனவரியில்தான் அனுமதி கிடைத்தது. மார்ச் மாதம் மவுரித்தானியாவுக்கு எதிராக மொராக்கோ சட்டையில் முதன்முறையாக இறங்கியபோது அவருக்கு 25 வயது.

பழைய வீரர்களைப் பற்றிச் சொன்னீர்கள். லூயிஸ் மோன்டி 1930 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் அர்ஜென்டினாவுக்கும், 1934 இறுதியாட்டத்தில் இத்தாலிக்கும் ஆடியவர். 1954 இறுதியாட்டத்தில் ஹங்கேரியின் தலைவராக நின்ற புஷ்காஸ், 1962 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு ஆடினார். நாடு மாறுவதற்கான கட்டுப்பாடுகள் அதற்குப் பிறகு வந்தவை. அந்தக் காலத்தை உதாரணம் காட்டி இன்றைய இளைஞர்களைக் குறை சொல்ல இடமே இல்லை.

ஸ்பெயின் வளர்த்தெடுத்த ஆள் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால், அஷ்ரஃப் ஹக்கிமியை நினைத்துப் பாருங்கள். மாட்ரிட்டில் பிறந்து, ரியல் மாட்ரிட்டின் இளையோர் அணிகளில் வளர்ந்த அவர், 2022 டிசம்பர் 6 அன்று மொராக்கோவுக்காகக் கடைசிப் பெனால்டியை மெல்லத் தட்டி உள்ளே அனுப்பி, ஸ்பெயினை உலகக் கோப்பையிலிருந்து வெளியேற்றினார். அரையிறுதி வரை சென்ற அந்த 26 பேர் அணியில் 14 பேர் மொராக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். முனிர் அந்த அணியில் இடம்பெறவில்லை. ஆப்பிரிக்கக் கோப்பையில் ஆடினார், அவ்வளவுதான். உலகக் கோப்பை அவருக்கு வாய்க்கவில்லை.

ஆகவே 2020 திருத்தம் தவறு என்ற உங்கள் கருத்தை நான் ஏற்கவில்லை. இன்னும் திருத்தலாம் என்றால் வேறு இரண்டு இடங்களில் திருத்த வேண்டும் என்பேன். இரட்டைக் குடியுரிமை உள்ள 21 வயதுக்குட்பட்ட வீரரை முதன்முறையாகத் தகுதிச்சுற்றில் இறக்குவதற்கு முன், அதன் விளைவு என்ன என்பதை அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் எழுத்தில் விளக்கி ஒப்புதல் பெறுவதைக் கட்டாயமாக்க வேண்டும். மூன்று ஆண்டுக் காத்திருப்பையும் குறைக்க வேண்டும். ஒரு கூட்டமைப்பு ஒரு வீரரை இரண்டு ஆண்டுகளாகத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றால், மூன்றாவது ஆண்டும் அவரைப் பிடித்து வைத்திருக்க அதற்கு என்ன உரிமை இருக்கிறது?