பொங்கல் விடுமுறையில் பனிச்சறுக்கு: எந்த ஊருக்குப் போகலாம்?

கேள்வி: திருமங்கலத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். பொங்கல் விடுமுறையோடு சில நாள் விடுப்பும் சேர்த்து, ஒரு வாரம் ஜப்பான் சென்று வர நினைக்கிறோம். கணவர், 9 மற்றும் 13 வயதுப் பிள்ளைகள், மூட்டுவலி உள்ள 66 வயது மாமியார் ஆகியோர் உடன் வருகிறார்கள். பனிச்சறுக்கு என்றால் நிசேகோதான் என்று பலரும் சொல்கிறார்கள். கொடைக்கானல் குளிரைத் தவிர வேறு குளிர் அறியாத, சைவ உணவு மட்டுமே உண்ணும் எங்களுக்கு அது ஏற்ற இடமா?
(வாசகி, திருமங்கலம்)

பதில்: நிசேகோ சிறந்த இடம்தான், ஆனால் உங்கள் குடும்பத்தின் முதல் பயணத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வடக்கே ஹொக்கைடோ தீவில் உள்ள அந்த ஊருக்கு, விமானத்தில் சப்போரோ அருகே இறங்கிய பிறகும் பேருந்தில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். மதுரையிலிருந்து ஜப்பானுக்கு நேரடி விமானம் இல்லாததால், போகவரவே ஏறத்தாழ மூன்று நாட்கள் கழிந்துவிடும் ஒரு வாரப் பயணத்தில், மாமியாரை இன்னும் அலைக்கழிக்க வேண்டியதில்லை.

யுசாவாவைத் தேர்ந்தெடுங்கள். டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் சுமார் 80 நிமிடங்களில் அடையக்கூடிய காலா யுசாவா நிலையம் பனிச்சறுக்கு மையத்தோடு ஒரே கட்டடமாக இணைந்திருக்கிறது. ரயிலைவிட்டு இறங்கி, உடையும் சறுக்குப் பலகையும் வாடகைக்கு எடுத்து, அங்கிருந்தே கம்பிவண்டியில் மலையேறிவிடலாம். சறுக்காதவர்களும் மேலே சென்று பனியைப் பார்க்கலாம் என்பதால் மாமியார் தனித்துவிடப்பட மாட்டார். பக்கத்திலுள்ள யுசாவா ஊரிலேயே வெந்நீரூற்று விடுதிகள் இருக்கின்றன. மரபான அறைகளில் தரையில்தான் படுக்கை விரிப்பார்கள். ஆகவே கட்டில் உள்ள அறை வேண்டும் என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். பொதுக் குளியலறைகளில் ஆடையின்றித்தான் இறங்க வேண்டும் என்பதால், கூச்சம் இருந்தால் தனிக் குளியலறை உள்ள விடுதியாகப் பாருங்கள்.

உயரத்தை எண்ணி அஞ்ச வேண்டாம். நிசேகோவின் அன்னுபுரி சிகரமே 1,308 மீட்டர்தான். கொடைக்கானலோ 2,100 மீட்டருக்கும் மேல். சைபீரியாவிலிருந்து வீசும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கையில் ஈரத்தை வாரிக்கொண்டு மலைகளில் மோதிக் கொட்டுவதால், அந்நாட்டின் தாழ்ந்த மலைகளில்கூட ஆளுயரத்துக்குப் பனி குவிகிறது. ஆகவே லடாக் போனவர்கள் சொல்லும் மூச்சுத்திணறல் அங்கே இருக்காது.

நீங்கள் பொங்கலைத் தேர்ந்தது நல்லதாயிற்று. ஜப்பானியரின் புத்தாண்டு நெரிசல் அதற்குள் ஓய்ந்திருக்கும். சீனப் புத்தாண்டுக் கூட்டமும் தொடங்கியிருக்காது. ஆனாலும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் கற்றுத்தரும் பயிற்சியாளர்கள் குறைவு என்பதால், விசா கைக்கு வந்தவுடன் பயிற்சி வகுப்பைப் பதிவு செய்துவிடுங்கள். பயிற்சி இல்லாமல் யாரையும் சரிவில் இறக்க வேண்டாம். எப்படி நிற்பது என்று தெரியாமல் வேகம் பிடித்தால் முழங்கால்தான் முதலில் அடிபடும். பயணக் காப்பீட்டில் பனிச்சறுக்கு விபத்தும் அடங்குகிறதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். பல காப்பீடுகள் அதை விலக்கியிருக்கும்.

உடைகளில் பெரும்பாலானவை வாடகைக்குக் கிடைக்கும். கையுறை, தொப்பி போன்றவற்றைப் பல இடங்களில் விலைக்குத்தான் வாங்க வேண்டியிருக்கும். உள்ளே அணிய பருத்தியும் ஜீன்ஸும் வேண்டாம்; வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடம்பை நடுக்கும். கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடையும் காலுறையும் எடுத்துச் செல்லுங்கள்.

சைவ உணவுதான் உண்மையான சிக்கல். நம் பக்கத்து மாசிக்கருவாட்டைப் போன்ற உலர்ந்த மீனைச் சீவிக் கொதிக்கவைத்த சாறுதான் ஜப்பானியச் சமையலின் அடிப்படை. காய்கறி மட்டும் மிதக்கும் மிசோ சூப்பிலும் உடோன் நூடுல்ஸிலும் பெரும்பாலும் அது இருக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் மீன்சாறு நிற்காது. ‘மீன்சாறும் வேண்டாம்’ என்று ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டை ஒன்றைக் கையில் வைத்திருங்கள். 24 மணி நேரக் கடைகளில் பெட்டியில் அடைத்த வெறும் சோறும் சர்க்கரை சேர்க்காத தயிரும் கிடைக்கும். வீட்டிலிருந்து புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கொண்டு போனால் மாமியாருக்கு ஒருவேளையும் பசி தெரியாது. பச்சைக் கறிவேப்பிலையையும் பழங்களையும் மட்டும் பெட்டியில் வைக்க வேண்டாம். உரிய சான்றிதழ் இல்லாமல் வரும் தாவரப் பொருட்களை விமான நிலையத்திலேயே எடுத்துக்கொள்வார்கள்.