எந்தக் கூட்டத்துக்குப் போவது?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு நாற்பது வயதாகப் போகிறது. எங்கள் வீட்டில் குடிப்பது என் கணவர் இல்லை, நான். எல்லோரும் தூங்கிய பிறகு என்று ஆரம்பித்த பழக்கம் இப்போது பகலுக்கும் வந்துவிட்டது. அக்காவுக்கு மட்டும் தெரியும். காலையில் கை நடுங்கும். கொஞ்சம் குடித்தால் நின்றுவிடும், அதனால் வேலைக்குப் போவதில் சிக்கல் இல்லை.

குடியை நிறுத்த விரும்புபவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களைப் பற்றிப் படித்தேன். போகத்தான் நினைக்கிறேன். ஆனால் அங்கே எல்லோரும் ஆண்களாகத்தானே இருப்பார்கள்? தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என் கதி என்ன? 'நான் குடிநோயாளி' என்று எழுந்து நின்று சொல்லச் சொல்வார்களா? எனக்குக் கடவுள் நம்பிக்கையும் கிடையாது. அடுத்த வாரம் குடியை ஒரேயடியாக நிறுத்திவிட்டு, கொஞ்சம் தெளிந்த பிறகு போகலாம் என்றிருக்கிறேன். சரிதானே?

பெயர் சொல்ல விரும்பாத வாசகி

அன்புள்ள தோழிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அந்தத் திட்டம் மட்டும் வேண்டாம்.

போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்தக் கை நடுக்கம்தான் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த வரி. குடித்தால் நிற்கிற நடுக்கம் என்றால், உடம்பு மதுவுக்குப் பழகிவிட்டது என்று பொருள். அந்த நிலையில் திடீரென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரம் ஆனதிலிருந்து இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாட்களில் மனக்குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது, காய்ச்சல் என்று சிலருக்கு முற்றும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. இதைத் தடுக்க மருந்துகள் இருக்கின்றன. அதனால் முதலில் மருத்துவரைப் பாருங்கள், இந்த வாரமே. அதுவரை நீங்களாக ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். இடையில் வலிப்போ குழப்பமோ வந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விட வேண்டும்.

ஆனால் கூட்டத்துக்குப் போக நீங்கள் தெளியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஏ.ஏ.வில் சேர ஒரே ஒரு தகுதிதான்: குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கட்டணம் கிடையாது. செலவுக்கு உறுப்பினர்கள் தாங்களாகக் கொடுப்பதுண்டு. புதிதாக வருபவர் கொடுக்க வேண்டியதில்லை.

ஆண்கள் அதிகம் இருக்கும் கூட்டங்கள் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் 1935-ல் இரண்டு ஆண்கள் தொடங்கிய அந்த அமைப்புக்கு 1939-லேயே மார்ட்டி மான் என்ற பெண் வந்து சேர்ந்தார். குடி ஒரு நோய் என்று பிறகு ஊரறியப் பேசியவர் அவர். இன்று பெண்களுக்கு மட்டுமான கூட்டங்கள் இருக்கின்றன, இணையவழியிலும் நடக்கின்றன. ஏ.ஏ.வின் உதவி எண்ணில் கூப்பிட்டு, 'பெண்கள் கூட்டம் இருக்கிறதா? இல்லாவிட்டால் பெண்கள் வழக்கமாக வருகிற கூட்டம் எது?' என்று கேளுங்கள். எடுத்துப் பேசுபவர் பெரும்பாலும் குடியிலிருந்து மீண்ட ஒருவராகத்தான் இருப்பார், கூச்சப்பட வேண்டாம்.

'திறந்த கூட்டம்', 'மூடிய கூட்டம்' என்று இரண்டு வகை சொல்வார்கள். திறந்ததற்கு யார் வேண்டுமானாலும் வரலாம், அக்காவையும் அழைத்துப் போகலாம். மூடியதற்குக் குடியை நிறுத்த விரும்புபவர்கள் மட்டும். யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் உங்களுக்கு இருப்பதால், நான் மூடியதைத்தான் சொல்வேன். அங்கே தெரிந்த முகம் இருந்தால், அவரும் உங்களைப் போலவே உதவி தேடி வந்தவர். அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது எல்லோரும் மதிக்கிற வழக்கம்.

பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்த மாட்டார்கள். உங்கள் முறை வந்தால், 'இன்று கேட்க மட்டும் வந்தேன்' என்றால் போதும். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் பொதுவாகக் குறுக்கிட்டு அறிவுரை சொல்வதில்லை. எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்ததே அதுதான். எத்தனையோ வருடங்களாகத் திட்டும் புத்திமதியும் மட்டுமே கேட்டவர்களுக்கு, யாரும் தீர்ப்புச் சொல்லாத ஒரு மணி நேரம் பெரிய விஷயம்.

கடவுள் பேச்சு வரும், சில கூட்டங்களில் பிரார்த்தனையும் இருக்கும். 'நாம் புரிந்துகொண்ட வகையில்' என்றுதான், குடியிலிருந்து மீள அவர்கள் பின்பற்றும் 12 படிகளிலேயே கடவுளைப் பற்றி இருக்கிறது. அந்தக் குழுவையே தங்களுக்கு மேலான சக்தியாக எடுத்துக்கொண்ட நாத்திகர்களும் உண்டு. அதுவும் ஒத்துவராவிட்டால் ஸ்மார்ட் ரிகவரி என்ற வேறு குழு இருக்கிறது. அங்கே எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் உளவியல் முறைகளை வைத்தே பழகுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. வழிகாட்டியாக ஒருவரை வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். உங்களுக்கு அது ஒரு பெண்ணாகவே இருக்கட்டும். கைப்பேசி எண்ணையும் ஆரம்பத்தில் பெண்களுக்கு மட்டும் கொடுங்கள். புதிதாக வருகிற பெண்ணின் தடுமாற்றத்தைப் பயன்படுத்திக்கொள்கிறவர்கள் எங்கேயும் இருக்கலாம்.

முதல் கூட்டம் பிடிக்காமல் போகலாம். அப்புறம் வேறொன்றைப் பாருங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம். மனதுக்குப் பிடித்தது கிடைக்கும்வரை நாலைந்து இடமாவது போய்ப் பார்க்கலாம். இணையக் கூட்டத்தில் கேமராவை அணைத்து வைத்துத் தொடங்குவதும் நல்லதே. ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள், மனிதர்களோடு ஒரே அறையில் உட்காருவதற்குத் தனிப் பலன் இருக்கிறது.

அக்காவுக்கும் ஆதரவு வேண்டும். குடிநோயர்களின் குடும்பத்தாருக்கு 1951-லிருந்தே அல்-அனான் என்ற தனிக் குழு இருக்கிறது. மருத்துவரிடம் அவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டால் குறைத்துச் சொல்லாதீர்கள். மருந்தின் அளவை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.