வாசகர் கேள்வி – பதில்: நிறுவன வேந்தரின் குரல்

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தை உருவாக்கிய முதல் சான்சலர் (வேந்தர்) டீன் மெக்ஹென்றியின் வாய்மொழி வரலாற்றை, அதாவது ஒலிநாடாவில் பதிந்த பேட்டிகளை, ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். தட்டச்சான பிரதியை மட்டும் வைத்து எழுதலாமா?
– ஆய்வு மாணவி, திருச்சி

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அங்கே 'சான்சலர்' என்பவர் நம் ஆளுநர்–வேந்தர் போன்றவர் அல்லர்; வளாகத்தை அன்றாடம் நடத்துபவர். நம் துணைவேந்தரின் வேலை அது. 1961இல் பொறுப்பேற்ற மெக்ஹென்றி 1974 வரை அதைப் பார்த்தார். கவெல் பண்ணை நிலத்தில் 1965இல் வகுப்புகள் தொடங்கியபோது விடுதி கட்டி முடியவில்லை. மாணவர்கள் டிரெய்லர் வண்டிகளில் தங்கினார்கள்.

எலிசபெத் கல்சியானோ எடுத்த அந்தப் பேட்டிகள் மூன்று தொகுதிகளாக வந்துள்ளன. முதல் தொகுதி 1972இல் வெளியானபோது மெக்ஹென்றி பதவியில்தான் இருந்தார். இதை மறக்கக் கூடாது. நாற்காலியில் இருப்பவர் சக ஊழியர்களைப் பற்றி அளந்துதான் பேசுவார். பேட்டிகள் தொடுவதும் 1969 வரையிலான காலத்தைத்தான். கடைசி ஐந்தாண்டுகளுக்கு வேறு ஆவணங்களைத் தேட வேண்டும்.

வாய்மொழி வரலாற்றில் தட்டச்சுப் பிரதியைப் பேசியவரிடமே கொடுத்துத் திருத்தி வாங்குவது வழக்கம். தயக்கம், பாதியில் விட்ட வாக்கியம், குரல் தாழ்வது எல்லாம் அதில் உதிர்ந்துவிடும். ஆகவே பிரதியில் முன்னுரையை முதலில் படியுங்கள்: யார் திருத்தினார்கள், பேட்டி எந்தத் தேதியில் நடந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். மேற்கோளில் தொகுதி, பக்கத்தோடு பேட்டித் தேதியும் வரட்டும். ஒலிநாடாவைக் கேட்க அனுமதி உண்டா என்று நூலகத்தின் சிறப்புத் தொகுப்புப் பிரிவுக்கு முன்கூட்டியே எழுதுங்கள். நாடா எங்கும் இருக்கும் என்று நம்பிவிட முடியாது. 1948இல் இந்தத் துறையைத் தொடங்கிவைத்த கொலம்பியா பல்கலைக்கழகத்திலேயே ஆரம்ப காலத்தில் தட்டச்சு முடிந்ததும் நாடாவை அழித்து மறுபடி பயன்படுத்தினார்கள். எவ்வளவு பெரிய இழப்பு!

மெக்ஹென்றியும், அன்றைய பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர்ரும் ஸ்டான்ஃபோர்டில் அறைத்தோழர்கள். சிறு கல்லூரிகளாகப் பிரிந்து இயங்கும் வளாகம் என்ற எண்ணம் இருவருக்கும் பொது. எனவே ஒருவர் சொன்னதை மற்றவர் எழுதியதோடு ஒப்பிடாமல் முடிவுக்கு வராதீர்கள்.

எங்கள் கல்லூரி நிறுவனரின் பேச்சு ஏழு அங்குல ஸ்பூல் டேப்பில் (சுருள் ஒலிநாடாவில்) இருக்கிறது. ஓட்டிப் பார்க்கலாமா?
– நூலகர், மதுரை

அவசரப்படாதீர்கள். முதலில் முகர்ந்து பாருங்கள். வினிகர் நெடி அடித்தால், அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன நாடா சிதையத் தொடங்கிவிட்டது. மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். சுருளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அசிடேட் ஒளியை ஊடுருவவிடும், பாலியஸ்டர் விடாது. வெள்ளைப் பூசணம் தெரிந்தால் எந்திரத்தில் ஏற்றவே வேண்டாம்.

ஓட்டும்போது கிறீச்சிட்டு, ஹெட்டில் (நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் முனையில்) பழுப்புப் பிசின் படிந்தால் உடனே நிறுத்துங்கள். பெரும்பாலும் 1970–80களின் பாலியஸ்டர் நாடாக்களில், ஈரத்தை உறிஞ்சிய ஒட்டுப்பொருள் இளகுவதால் வரும் கோளாறு இது. நிபுணர்கள் சுமார் 54 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ சூடேற்றிச் சரிசெய்வார்கள். சமையல் ஓவனில் முயலாதீர்கள். அசிடேட் நாடாவுக்கு இந்த வைத்தியமே கூடாது.

பேச்சோடு தலைகீழான இன்னொரு குரலும் கேட்டால் நாடா கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். இரு திசையிலும் பதிந்த நாடாவை முழு அகல ஹெட்டில் ஓட்டுகிறீர்கள். ஹெட்டை மாற்றினால் போதும். 1200 அடி நாடா, நொடிக்கு 3¾ அங்குல வேகத்தில் ஒரு பக்கம் 64 நிமிடம் ஓடும். ஒவ்வொரு சுருளுக்கும் பின் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஹெட்டைத் துடைத்து, உச்ச ஒலிகள் தெளிவாகும்வரை அதன் சாய்வைச் சரிசெய்யுங்கள்.

96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் (WAV) ஒலிக்கோப்பாகப் பதியுங்கள். ஒற்றைத் தடம் என்றால் மணிக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி. இரைச்சல் நீக்குவதெல்லாம் நகலில் மட்டும். மூலக் கோப்பில் கைவைக்கக் கூடாது. மூன்று நகல்கள், அதில் ஒன்று வேறு ஊரில். ஸ்பூலைத் தூக்கிப்போடாதீர்கள்.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத எவ்வளவு நேரம் ஆகும்?
– வாசகர், சேலம்

பழகிய கைக்கே ஆறிலிருந்து எட்டு மணி நேரம். ஊர்ப்பெயர், ஆட்பெயர் சரிபார்ப்பு தனி. புரியாத இடத்தில் ஊகித்து எழுதாமல், நிமிடம், நொடியைக் குறித்து இடம் விடுங்கள்.