மேனேஜர் முதல் பக்கத்தைத் தாண்டுவதே இல்லை!

கேள்வி: மூன்று வாரம் உழைத்து 24 பக்கத்துக்கு ஒரு அறிக்கை கொடுத்தேன். மேனேஜர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "சரி, இப்ப நான் என்ன பண்ணணும்கிறீங்க?" என்றார். பதில் 19-ஆம் பக்கத்தில் இருக்கிறது. படிக்காதது அவர் தப்புதானே?

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் தப்புதான். முதலில் தகவல் சேகரித்தீர்கள், அப்புறம் அலசினீர்கள், கடைசியில் முடிவுக்கு வந்தீர்கள். வேலை செய்த அதே வரிசையில் எழுதியும் வைத்துவிட்டீர்கள். ஆனால் அவருக்கு உங்கள் மூன்று வாரக் கதை வேண்டாம், அந்த 19-ஆம் பக்கம்தான் வேண்டும்.

உங்கள் முதல் வரி எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன்: "சரக்கு அனுப்புவதில் அண்மைக் காலமாக ஏற்பட்டுவரும் தாமதங்களை ஆராயும் பொருட்டு இவ்வறிக்கை தயாரிக்கப்பட்டுள்ளது." இதில் அவருக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? தாமதம் ஆகிறது என்பதால்தானே உங்களிடம் வேலையைக் கொடுத்தார். இப்படி ஆரம்பித்துப் பாருங்கள்: "மூன்று ஆர்டரில் ஒன்று தாமதமாகப் போகிறது. லாரிகள் காரணமில்லை, பில் போட ஒரே ஆள் இருப்பதால் மதியத்துக்கு மேல் எல்லாம் தேங்குகிறது. இன்னொருவரை நியமிக்க இந்த மாதத்துக்குள் உங்கள் அனுமதி வேண்டும்." இதற்குமேல் வருவதெல்லாம் சாட்சியம். சந்தேகம் வந்தால் படிப்பார், இல்லையென்றால் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். அட்டவணைகளைப் பின்னிணைப்புக்குத் தள்ளுங்கள்.

இது ஒன்றும் புதுசு இல்லை. 1940 ஆகஸ்டில், போர் உச்சத்தில் இருந்தபோது, சர்ச்சில் மெனக்கெட்டு ஒரு குறிப்பு எழுதித் தன் அமைச்சர்களுக்கு அனுப்பினார். வரும் காகிதங்கள் ஏறக்குறைய எல்லாமே நீளமாக இருக்கின்றன, சிறு சிறு பத்திகளில் முக்கியமானதை மட்டும் சொல்லுங்கள், புள்ளிவிவரத்தையும் விரிவான அலசலையும் பின்னிணைப்பில் வையுங்கள் என்பதுதான் அதன் சாரம். குண்டு விழுகிற நேரத்திலும் மனிதரை இது அந்த அளவுக்குப் படுத்தியிருக்கிறது!

கேள்வி: அறிக்கை எழுத நேரமில்லை. பிரசன்டேஷன் ஸ்லைடுகளையே அனுப்பிவிட்டால் போதாதா?

பதில்: பக்கத்தில் நின்று நீங்கள் விளக்கினால் போதும். தனியாக அனுப்பினால் ஆபத்து, அதுவும் சாதாரண ஆபத்து இல்லை. 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் கிளம்பியபோது எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைத்துண்டு பிய்ந்து இறக்கையில் மோதியது. கலம் மேலே இருக்கும்போதே பொறியாளர்கள் ஆராய்ந்து நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடுகள் காட்டினார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, பழைய சோதனை முடிவுகள் தைரியம் தருவதுபோன்ற தொனியில் இருந்தது. ஆனால் அதே ஸ்லைடின் அடியில், பொடி எழுத்தில், மோதிய துண்டின் கனஅளவு 1920 கன அங்குலம், சோதனையில் பயன்படுத்தியது வெறும் 3 என்று இருந்தது. அதாவது 640 மடங்கு! பழைய சோதனை இதற்குப் பொருந்தாது என்பதுதான் தலைப்பாக இருந்திருக்க வேண்டும். பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும்போது கலம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். விபத்துக்கு அந்த ஸ்லைடுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விசாரணைக் குழு தன் அறிக்கையில் இதே ஸ்லைடை எடுத்துக்காட்டி, தொழில்நுட்ப அறிக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஸ்லைடுகள் உட்கார்ந்திருப்பதைக் கண்டித்தது.

கேள்வி: நிறைய ப்ரொபோசல் அனுப்புகிறேன், பதிலே வருவதில்லை. முதல் ஐந்து பக்கம் எங்கள் கம்பெனி வரலாறு. அதைச் சுருக்கட்டுமா?

பதில்: சுருக்க வேண்டாம், கடைசிக்குத் தூக்கிப் போடுங்கள். முதல் பத்தியில் வாடிக்கையாளர்களுடைய பிரச்சினை இருக்கட்டும், அதுவும் அவர்கள் பயன்படுத்திய வார்த்தையிலேயே. அவர்கள் கேள்விகளுக்கு எண் போட்டுக் கேட்டிருந்தால் அதே எண்ணில் பதில் எழுதுங்கள். மதிப்பெண் தாளை வைத்துக்கொண்டு டிக் அடிப்பவர் உங்கள் பதிலைத் தேட மாட்டார். விலைக்குப் பக்கத்திலேயே எதெல்லாம் அதில் சேராது, எந்தத் தேதி வரை செல்லும் என்றும் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் பின்னால் சண்டை. இன்னொன்று, பழைய ப்ரொபோசலை காப்பி அடிக்கும்போது ஜாக்கிரதை. ஏழாம் பக்க அடிக்குறிப்பில் முந்தைய வாடிக்கையாளர் பெயரை விட்டுவைத்து அனுப்பியவன் சொல்கிறேன்.

கேள்வி: "பரிசீலிக்கப்பட்டது", "மேற்கொள்ளப்பட்டது" என்று எழுதினால்தானே அலுவலக நடை?

பதில்: "பழுது விரைவில் சரிசெய்யப்படும்" என்று எழுதுகிறீர்கள். யார் செய்வார், எப்போது? வாக்கியத்தில் ஆளும் இல்லை, தேதியும் இல்லை. "பராமரிப்புப் பிரிவு வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யும்" என்று எழுதிப் பாருங்கள், பராமரிப்புப் பிரிவிலிருந்து உடனே போன் வரும்.