புற்றுக் காளான் சாப்பிட்டால் சர்க்கரை குறையுமா?

கேள்வி: மழைக்காலம் தொடங்கியதும் உறவினர் ஒருவர் கரையான் புற்றில் முளைக்கும் காளானைப் பறித்துத் தருகிறார். "கறிக்குச் சமம், சர்க்கரை நோயே போய்விடும்" என்கிறார். என் கணவர் (வயது 45) சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். அவருக்கும் எட்டு வயது மகளுக்கும் கொடுக்கலாமா?

பதில்: உண்மையான புற்றுக் காளான் என்றால் உங்கள் கணவர் தாராளமாகச் சாப்பிடலாம். கரையான்கள் தங்கள் உணவுக்காகப் புற்றுக்குள் ஒரு பூஞ்சையை வளர்க்கின்றன. மழைக்குப் பிறகு அதிலிருந்து வெளியே தலைகாட்டுவதுதான் இந்தக் காளான். மாவுச்சத்து குறைவு, நார்ச்சத்து உண்டு என்பதால் சாப்பிட்டவுடன் சர்க்கரை எகிறாது. பொட்டாசியமும் சில பி வைட்டமின்களும் கிடைக்கும். ஆனால் இது மாத்திரைக்கு மாற்று இல்லை. தயவுசெய்து ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள்.

"கறிக்குச் சமம்" என்ற பேச்சு காய்ந்த காளானின் கணக்குக்கு வேண்டுமானால் பொருந்தும். பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். பொதுவாக 100 கிராம் காளானில் 3 கிராம் அளவுக்கே புரதம் இருக்கும், ஒரு முட்டையில் 6 கிராம். பி12-க்கும் காளானை நம்ப முடியாது. வைட்டமின் டி விஷயத்தில் மட்டும் காளானுக்கு ஒரு தனிச்சிறப்பு: நறுக்கி வெயிலில் சிறிது நேரம் வைத்தால், அதிலுள்ள எர்கோஸ்டெரால் என்ற பொருள் வைட்டமின் டி2 ஆக மாறும்.

சத்தைவிட எனக்குப் பெரிய கவலை, பறிப்பவரின் கண் தவறிவிடுமோ என்பதுதான். வெள்ளையாக இருந்தால் நல்லது, பூச்சி அரித்திருந்தால் நல்லது, வெள்ளிக் கரண்டி கறுக்காவிட்டால் நல்லது என்பார்கள். மூன்றுமே பொய். உயிரைப் பறிக்கும் அமானிட்டா என்ற நச்சுக் காளான் வகைகள் சிலவும் வெள்ளைதான், ருசியும் நன்றாகவே இருக்கும். அவற்றின் அமாடாக்ஸின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் காய வைத்தாலும் போகாது. சாப்பிட்டு 6 மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமே தெரியாது. அப்புறம் வாந்தி, பேதி. அடுத்த நாள் எல்லாம் சரியானதுபோல் தோன்றும், அந்த நேரத்தில்தான் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். அந்தத் தெளிவை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். காளான் சாப்பிட்ட பிறகு வாந்தி, பேதி வந்தால், அது நின்றுவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மிச்சமிருக்கும் காளானையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

உறவினர் பல வருடங்களாக அதே புற்றில் பறித்து, தானும் சாப்பிடுபவரா? ஒவ்வொரு காளானையும் தனித்தனியாகப் பார்த்துப் பறிப்பவரா? அப்படியானால் வாங்கலாம். சந்தேகம் ஒன்றில் வந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். சாலையோரம், குப்பைமேடு, பூச்சிமருந்து அடித்த நிலம் ஆகிய இடங்களில் பறித்தது வேண்டாம். காளான் ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களை எளிதில் உறிஞ்சிக்கொள்ளும். பறித்த அன்றே நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள், பச்சையாகச் சாப்பிட்டால் செரிக்காது.

கணவருக்குச் சிறுநீரகக் கோளாறோ யூரிக் அமிலமோ இருந்தால், அளவை அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மகளுக்கு இந்த வருடம் புற்றுக் காளான் வேண்டாம் என்பேன். நஞ்சு கலந்துவிட்டால் சிறிய உடம்பு தாங்காது. அவளுக்கு ஆசையாக இருந்தால் பண்ணையில் வளர்த்த காளானைச் சமைத்துக் கொடுங்கள், சத்தில் பெரிய வித்தியாசமில்லை.